மாமன் வீட்டுச் சோறு

சிங்கப்பூர் போய் வந்தவன் என்று எங்கள் தெருவில் எனக்கு ரொம்ப நாள் ஒரு பெயர் இருந்தது. அங்கே என்னப்பா பார்த்தாய் என்று கேட்டவர்களிடம் வானத்தை முட்டும் கட்டடங்கள், எச்சில் துப்பப் பயப்படும் ரோடுகள், பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் லிப்ட் என்று அவரவர் ஆசைக்குத் தகுந்தபடி அளந்து விட்டிருக்கிறேன். உண்மையில் அந்த ஊரைப் பற்றி என் மனதில் தங்கியது ஒரு சாப்பாட்டு மேசைதான். என் நண்பன் அதன் முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் இண்டூர் பக்கம் விவசாயம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எங்கள் வீடு வேதக்கார வீடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வீடு. அவன் வீடு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. அதனால் எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் அவனுக்கும், பொங்கலுக்கு அவன் வீட்டில் எனக்கும் ஒரு தட்டு எப்போதும் உண்டு.

அந்த வருஷம் அவன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். வயதான உடம்பு, அறுத்தால் தாங்காது, இருக்கிற வரைக்கும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்கு அது சொல்லாமலே தெரிந்தது. அவள் மருந்து கேட்கவில்லை, வேறு ஆஸ்பத்திரி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என் தம்பிய ஒருக்கா கண்ணால பாத்துட்டன்னா போதும். அப்பறம் எப்ப வேணாலும் போறன்.”

தம்பி என்றால் நண்பனின் தாய்மாமன். வயசுப் பிள்ளையாகச் சிங்கப்பூருக்குப் போனவர், துறைமுகத்தில் வேலை. போன சில வருஷத்தில் அங்கேயே ஒரு சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கைக்குழந்தையாக ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு, தமிழச்சியாகவே வளர்ந்தவள் என்று எழுதியிருந்தாராம். எழுதி என்ன பிரயோஜனம்? நண்பனின் தாத்தா அதே வாரம் கிணற்றடிக்குப் போய் மகனுக்குத் தலை முழுகிவிட்டார். செத்தவனுக்குச் செய்வதை உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்வது. அதன் பிறகு இரண்டு பக்கமும் பேச்சு வார்த்தை இல்லை. தாத்தாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன.

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவர் அங்கிருந்து லீவில் வந்தபோது மாமனின் முகவரி கிடைத்தது. நான் வந்து பார்க்கிறேன் என்று நண்பன் அவர் மூலமாகவே சொல்லியனுப்பியதற்கு, “வரட்டும்” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. நண்பனுக்கு சேலத்தைத் தாண்டிப் பழக்கமில்லை. எனக்கோ, துபாய் வேலை என்று ஒரு ஏஜெண்டிடம் ஏமாந்ததில் மிச்சமாக ஒரு பாஸ்போர்ட் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற பெயரும் இருந்தது. துணைக்கு வா என்றான். அவன் தொழுவத்தில் மாடுகள் குறைந்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் சரி என்றேன்.

விமான நிலையத்துக்கு மாமா வந்திருந்தார். தலைக்குச் சாயம், மடிப்புக் கலையாத சட்டை. இறுக்கமான முகம். ஆனால் வாயைத் திறந்தால் எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே இருந்தது. “வூட்ல எல்லாம் சௌக்கியமா?” என்று பொதுவாகக் கேட்டார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. டாக்சியில் நண்பன்தான் சொன்னான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பாதாள ரயில் வரப்போகிறது என்றார்.

மேலே எங்கோ ஒரு மாடியில் அவர் வீடு. கதவைத் திறந்தவர் அத்தை. சீன முகம், நடுவில் வட்டப் பொட்டு, ஒழுங்காகக் கொசுவம் வைத்துக் கட்டிய நூல் புடவை. “வாங்க, வாங்க, பிரயாணம் எப்படி இருந்தது?” என்று எங்களைவிடச் சுத்தமான தமிழில் கேட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷன் வீட்டிலிருந்து முதல் முறையாக ஒரு ஆள் வருகிறான் என்று அந்த அம்மாள் நாலு நாளாகச் சமைத்திருப்பார் போல. மேசை நிறைய மீன் குழம்பு, கோழி, ஏதோ ஒரு கீரை வறுவல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கிண்ணத்தில் ராகிக் களி. மாமாவுக்காகப் பல வருஷம் முன்பே பழகிக்கொண்டாராம். உருண்டையில் அங்கங்கே கட்டி தட்டியிருந்தது. ஆனால் அது களிதான்.

நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். நண்பன் நாற்காலியில் உட்கார்ந்தான், தட்டை லேசாகத் தள்ளி வைத்தான்.

“எனக்கு இப்ப வேண்டாங்க. அப்பறமா பாத்துக்கலாங்க.”

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனாலும், விட்டுப்போன உறவைச் சேர்க்கப் போனாலும், போன காரியத்துக்கு ஒரு வார்த்தை கிடைக்கிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். கை நனைத்தால் பேச்சு முடிந்தது, இரண்டு தரப்புக்கும் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு கேட்டு வாதாட உரிமை கிடையாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் கிடையாது, சொன்னால் மிரட்டியது போல ஆகிவிடும். தெரிய வேண்டியவருக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரிந்தது. தட்டு தள்ளப்பட்டதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் தன் களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் நண்பன் அவரை வெளித் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அம்மா நிலைமையைச் சொல்லி, ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டான். “பாக்கலாம்” என்றார். மறுநாளும் பாக்கலாம். லீவு கேட்கணும், பாக்கலாம். கப்பல் நெருக்கடி இருக்கிறது, பாக்கலாம். பாக்கலாம் என்ற சொல்லை அந்த மனுஷன் பயன்படுத்திய அளவுக்கு எங்கள் ஊர் அரசியல்வாதிகூடப் பயன்படுத்தியதில்லை.

இவனும் விடவில்லை. படுப்பது மாமன் வீட்டுக் கூடத்தில், சாப்பிடுவது கீழே காப்பிக்கடையில். ஒரு ரொட்டி, ஒரு காப்பி. அதையும் அரைகுறையாக. காலையில் லிப்ட் இறங்கி, பக்கத்து வீட்டார் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அதே கடையில் போய் உட்காருவான். நான் மேலே அத்தை கையால் தோசை தின்றுகொண்டிருப்பேன். எனக்கு உறவும் இல்லை, முறையும் இல்லை, எந்த வார்த்தையும் வாங்க வரவில்லை. நானும் சாப்பிடமாட்டேன் என்று முதல் நாள் சொன்னதற்கு அவன்தான், “நீ ஏண்டா பட்டினி கெடக்கற? அது எங்க வூட்டு வழக்கம். போயி சாப்புடு” என்று விரட்டினான்.

அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு வேளை காரம் என்று நினைத்துக் காரம் குறைத்தார். ஒரு வேளை விரதம் என்று நினைத்து வெறும் பருப்பும் ரசமும் வைத்தார். அவன் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கையைக் கூப்பி, “அப்பறமா சாப்புடறங்க” என்றான். அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதைவிடத் தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். பாராமல் இருக்க முடியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் முகம் வேளைக்கு வேளை சுருங்கிப் போனது.

ஒரு நாள் காலை அவன் கீழே போயிருந்தான். அத்தை அடுப்படியிலிருந்து என்னிடம் கேட்டார்.

“நீங்க கிறிஸ்தவங்க. அதனால சாப்பிடுறீங்க. அவர் சாப்பிடமாட்டார், இல்லையா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க அத்தை.”

“எனக்குத் தெரியும் தம்பி. நான் சீனத்தி. பெத்தவங்களுக்கும் வேண்டாதவ, கட்டின வீட்டுக்கும் வேண்டாதவ. அன்னைக்கு அவங்க தாத்தா செஞ்சதை இன்னைக்கு இவர் செய்யுறார். கீழே கடைக்காரர் என்னைக் கேக்குறார், உங்க வீட்டு விருந்தாளி ஏன் இங்கே வந்து சாப்பிடுறார்னு. நான் என்ன சொல்லட்டும்?”

கேட்ட பிறகு மறைக்க முடியுமா? கை நனைக்கிற வழக்கத்தை முழுசாக எடுத்துச் சொன்னேன். அவன் மாமாவின் வார்த்தைக்காகக் காத்திருக்கிறான், உங்களை ஒரு குறையும் நினைக்கவில்லை, நினைக்கிற ஆளும் இல்லை என்று சொன்னேன். அந்த முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. நம்ப ஆசைப்பட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனார். மாமா ராத்திரி வேலை முடிந்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, உங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கம் இருக்கா? காரியம் முடியாம சாப்பிட மாட்டாங்களாமே?”

மாமா பேப்பரை இறக்கவில்லை.

“அப்பிடியெல்லாம் ஒண்ணுங் கெடயாது.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டவனைப் பார்க்கிற பார்வை. பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிற சத்தம் கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நண்பன் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

சிகரெட் வாங்கக் கீழே இறங்கிய மாமாவின் பின்னாலேயே போனேன். தூண்களுக்கு நடுவே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு அந்த வழக்கம் தெரியாதுங்களா?” என்றேன்.

“தெரியும்.”

“பின்ன ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?”

சிகரெட்டைப் பற்றவைத்தார். “எங்கப்பன் எனக்குத் தல முழுகுனப்ப, குடத்துல தண்ணி மொண்டு அவரு தலயில ஊத்துனது யாருன்னு உன் சிநேகிதனக் கேட்டுப்பாரு. எங்கக்கா. அக்காதான் என்ன வளத்தா. அவளே ஊத்துனா. ஊர்க்காரன் ஒருத்தன் இங்க வந்து எனக்குச் சொன்னான்.”

“சரிங்க. கோவம் இருக்கட்டும். அதுக்கு உங்க சம்சாரம் என்ன பண்ணாங்க? அவங்கள ஏன் அழவுடறீங்க?”

“அவதான் வருசா வருசம் உசுர வாங்குவா. உங்கக்காவப் போயி பாருங்க, நானும் வரேன்னு. இனிமே கேக்கமாட்டா.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு வேலை முடிந்தது என்பது போல இருந்தது. வளர்த்தவள் கையால் சாகடிக்கப்பட்ட ஒரு மனுஷன்தான் அவர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் பெண்டாட்டியின் மனதைப் பிய்த்து அதைக் கொண்டு கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார். இன்றைக்கும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

நண்பனிடம் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொன்னேன். “தெரியும்டா. அம்மாவே சொல்லுச்சு” என்றான். “அதுக்குத்தான் பாக்கணுங்குது.”

ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. அன்று மத்தியானம் அத்தை எனக்கு மட்டும் தட்டு வைத்தார். நண்பனுக்குத் தட்டு வைக்கவில்லை, அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அழுது அழுது கண் இமைகள் வீங்கியிருந்தன. அவன் கூடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியதை அப்படியே விட்டு எழுந்தான். குழாயில் கையைக் கழுவினான், வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அத்தை, எனக்கும் சோறு போடுங்க.”

அதுவரை அவன் அவரை அத்தை என்று கூப்பிட்டதில்லை. அந்த அம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். “டேய், யோசிச்சுக்கோ” என்று நான் மெதுவாகச் சொன்னேன். “யோசிச்சுட்டன்” என்றான். அவர் சோறு போட்டார், மேசையெல்லாம் சிந்தக் குழம்பு ஊற்றினார். அவன் பிசைந்து சாப்பிட்டான். பசி, அழுகை இரண்டும் சேர்ந்து விக்கியது. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அத்தை அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மாமா அறை வாசலில் வந்து நின்று பார்த்தார். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். இனி அவரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

மெட்ராஸில் இறங்கி தருமபுரி பஸ் ஏறின பிறகுதான் நண்பன் சொன்னான். “அந்தம்மாவ அப்பிடியே உட்டுட்டு வந்திருந்தா, எங்க தாத்தனுக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்?” அவன் செய்தது சரிதான். அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறான் என்ற பயம்தான் எனக்கு.

வீட்டில் அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்ததும், தம்பி எப்படி இருக்கிறான், தலை நரைத்துவிட்டதா என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் மகன் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தாள்.

“டே, மாமன் வூட்ல கை நனச்சியா?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

“நனச்சம்மா.”

அவ்வளவுதான். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “வரன்னுட்டானா! என் சாமி, வரன்னுட்டானா!” என்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லாரிடமும் அவளே சொன்னாள். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் நின்று, இல்லை அம்மா, நடந்தது வேறு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்த் திட்டினேன். “நாளக்கிச் சொல்றன்டா. இன்னக்கி ஒரு நாளு தூங்கட்டும்” என்றான்.

அந்த ‘நாளக்கி’ வரவே இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள், அடித்தான். தம்பிக்கு வெந்நீரில்தான் குளிக்கப் பிடிக்கும் என்று புது அண்டா வாங்கச் சொன்னாள், வாங்கினான். நான் போகும்போதெல்லாம் தம்பியின் சின்ன வயதுக் கதை. நாய்க்குப் பயந்து அவள் முதுகில் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்து அழுதது. தீபாவளிக்கு வருவான் என்றாள். பொங்கலுக்கு வருவான் என்றாள். வேதனை தாளாத நாட்களிலும் வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள்.

பொங்கலும் போனது. அதன் பிறகு அவள் தம்பியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். கட்டிலை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் கேட்டால், “வார்த்த குடுத்துட்டு ஏமாத்திட்டான்” என்று மட்டும் சொன்னாள். ஒரு நாள் சாயங்காலம் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, குனிய முடியாமல் குனிந்து, ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து டைப்ரைட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான். நாங்கள் போகாமலே இருந்திருந்தால் அவள் தம்பிக்காக ஏங்கிக்கொண்டே போயிருப்பாள். இப்போது தம்பியைச் சபித்துக்கொண்டு போகிறாள். இதற்கா கடல் தாண்டிப் போய் வந்தோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இன்றைக்கே சொல்லிவிடு என்றேன். என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காதோரம் குனிந்து சொன்னான்.

“அம்மா, மாமா வார்த்தயே குடுக்கலம்மா. அந்த அத்தை அழுதாங்க, அதனாலதான் நான் சாப்புட்டன். மாமா ஏமாத்தல. நான் உங்கிட்ட மறச்சிட்டன்.”

நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் அம்மா, நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். மகனின் கன்னத்தைத் தடவினாள்.

“மாமனுக்குப் பரிஞ்சிக்கிட்டு வராத கண்ணு. என் புள்ள எனக்குத் தெரியாதா? நான் இப்பிடிக் கெடக்கறப்ப, வார்த்த வாங்காம நீ அந்த வூட்ல கை நனச்சிருக்கவே மாட்ட. அவன் பழிய நீ எதுக்குத் தலயில போட்டுக்கற? நான் செத்தா அவனுக்குத் தந்தி அடிக்காத.”

அவன் மறுபடி மறுபடி சொன்னான். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நல்லவன்டா நீ என்று அவன் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். அவள் சொன்னபடி தந்தி அடிக்கவில்லை.